மூன்றாம் முறை ஒட்டிய தொட்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரே தொட்டியை மூன்று முறை ஒட்டியிருக்கிறேன். முதல் ஒட்டு ஐந்து வாரம் தாங்கியது. இரண்டாவது மூன்று மாதம். மூன்றாவது ஒட்டுக்கு இப்போது பதினான்கு மாதம் ஆகிறது, இன்னும் அசையவில்லை. பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: “எந்தப் பசை போட்டீர்கள்?” முதல் இரண்டு முறை நானும் அந்தக் கேள்வியோடுதான் கடைக்குப் போனேன். தொட்டி ஏன் விரிந்தது என்று கேட்டுக்கொள்ள மூன்றாம் முறைதான் புத்தி வந்தது.

தொட்டியின் விவரம் இது. வெளியே கருநீல மெருகு (சூளையில் உருக்கிப் படியவைத்த கண்ணாடிப் பூச்சு), உள்ளே மெருகு பூசாத செங்கல் நிறச் சுடுமண். உயரம் 38 செ.மீ., வாய் அகலம் 36 செ.மீ., சுவர்க் கனம் ஏறக்குறைய 14 மி.மீ. அடி சற்றுக் குறுகியது. விளிம்பு வெளிப்புறம் தடித்து உருண்டது. அடியில் ஒரு துளை. உள்ளே ஸ்நேக் பிளான்ட் என்று நர்சரிகளில் சொல்கிறார்களே, அந்த மருள் செடி, மூன்று ஆண்டுகளாக மண் மாற்றாமல். விரிசல் விளிம்பில் தொடங்கிச் செங்குத்தாக இறங்கியது. விளிம்பருகே 2 மி.மீ. வாய் பிளந்திருந்தது, கீழே போகப் போக மயிரிழையாகி மறைந்தது.

முதல் இரண்டு முறை

முதல் முறை செய்தது சோம்பேறி வேலை. செடியை எடுக்கவில்லை, மண்ணைத் தொடவில்லை. விரிசலின் மேல் சூப்பர் குளூவைப் பிதுக்கி, இரண்டு பக்கமும் கையால் அழுத்தி, ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டேன். அந்தப் பசையின் கதையே வேடிக்கையானது. 1942-இல் துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியவர்கள் கையில் அகப்பட்டது. எதைத் தொட்டாலும் ஒட்டிக்கொண்டு தொல்லை கொடுக்கிறது என்று ஒதுக்கிவைத்தார்கள். 1958-இல்தான் பசையாக விற்பனைக்கு வந்தது. காற்றிலும் பொருளின் மேலும் உள்ள சிறு ஈரமே அதை இறுகவைக்கிறது. ஆனால் நாள்கணக்கில் ஈரத்தில் ஊறினால் பிடி தளர்ந்துவிடும். இடைவெளியை அடைக்கும் குணமும் அதற்குக் கிடையாது. இரண்டு முகங்களும் முழுவதும் பொருந்தினால்தான் பிடிக்கும். 2 மி.மீ. பிளவில், எப்போதும் ஈரமாக இருக்கும் சுவரில் அதைப் போட்டது என் குற்றம், பசையின் குற்றமல்ல.

இரண்டாம் முறை கொஞ்சம் ‘உறுதியாக’ச் செய்வோம் என்று வெண் சிமென்ட் குழைத்தேன். விரிசல் பக்கத்து மண்ணை மட்டும் தோண்டி, உள்ளும் புறமும் பூசினேன். பார்வைக்கு நன்றாகவே இருந்தது. மூன்று மாதத்தில் நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. காரணம் எளியது: சிமென்ட் இறுகுவதற்குத் தண்ணீர் வேண்டும். காய்ந்த சுடுமண்ணோ தண்ணீரை உறிஞ்சிக் குடித்துவிடும். விரிசல் முகங்களை முன்பே நனைக்காமல் பூசியதால், இறுகவேண்டிய சிமென்ட் தாகத்தோடே காய்ந்துபோயிற்று. மெருகின் வழவழப்பில் அதற்குப் பிடிமானமும் இல்லை.

இரண்டு முறையும் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். மெருகில் இருந்த ஒரு வெளிர்ப் புள்ளியை அடையாளமாக வைத்துப் பின்னர் அளந்து பார்த்தால், முதலில் 14 செ.மீ. இருந்த விரிசல், முதல் ஒட்டு விட்டபோது 18 செ.மீ., இரண்டாவது விட்டபோது 22 செ.மீ. பசை மட்டும் விட்டுப்போயிருந்தால் விரிசல் இருந்த இடத்திலேயே நின்றிருக்கும். அது நீண்டிருக்கிறது. அப்படியென்றால் எதுவோ உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது.

யார் உடைத்தது?

தொட்டி விரிசல்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் தன் கதையைச் சொல்லிவிடும். அடிபட்டு உடைந்ததென்றால் அடிபட்ட இடத்தில் ஒரு சில்லு போயிருக்கும். அங்கிருந்து நட்சத்திரம்போலப் பல திசையில் கீறல் ஓடும். உறைபனியால் உடைந்ததென்றால் சுவர் செதில் செதிலாக உரியும். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு பருமன் கூடுகிறது, சுடுமண்ணின் நுண்துளைகளில் அந்த இடம் கிடையாது. மேடுபள்ளமான தரையில் கனத்தோடு நின்ற தொட்டி அடியிலிருந்து விரியும். சூளையிலேயே விழுந்த விரிசலும் உண்டு. மெருகு சுடுவதற்கு முன்பே விரிந்திருந்தால், உருகிய மெருகு விரிசலுக்குள் வழிந்து அதன் ஓரங்களை மழுக்கியிருக்கும். மெருகு சுட்ட பிறகு விரிந்தால் ஓரம் கத்தியாக இருக்கும்.

இதில் ஓரம் கத்தி. சில்லு இல்லை, செதில் இல்லை, அடி முழுசாக இருந்தது. வெளியே விரிசலை ஒட்டி மட்டும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இதுவும் ஒரு சாட்சி: வெளிப்புற மெருகு ஈரத்தை விடாது, ஆகவே உள்ளே ஊறிய தண்ணீருக்கு வெளியேற வழி அந்தப் பிளவு ஒன்றுதான். பாசன நீரிலும் உரத்திலும் உள்ள உப்பைச் சுமந்து வந்து, ஓரத்தில் விட்டுவிட்டு, தண்ணீர் ஆவியாகிப்போகிறது. உப்பு அங்கே படிகமாக வளர்ந்து பசையை மேலும் நெம்பித் தள்ளும்.

தொட்டியைச் சாய்த்துப் படுக்கவைத்துச் செடியை இழுத்தேன். வரவில்லை. ஒரு நீண்ட தட்டைக் கத்தியைச் சுவரோரமாக விட்டுச் சுற்றிலும் அறுத்த பிறகுதான் மண்ணும் வேருமாக ஒரே கட்டியாக வந்து விழுந்தது. உண்மையில் மண் என்று சொல்ல அதில் பாதிகூட இல்லை. மருள் செடியின் மட்டநிலத்தண்டு, அதாவது மண்ணுக்குள் கிடையாக ஓடும் தண்டு, கட்டைவிரல் பருமனில் ஆரஞ்சு கலந்த வெளிர்நிறக் கிழங்குபோலச் சுவரைச் சுற்றி வளைந்து ஓடியிருந்தது. விளிம்பிலிருந்து 12 செ.மீ. கீழே, விரிசலுக்கு நேர் பின்னால், அதன் ஒரு கணு சுவரில் மோதி, போக இடமில்லாமல் ஒரு பக்கம் தட்டையாக நசுங்கியிருந்தது. அந்தத் தட்டைப் பரப்பில் விரிசலின் கோடு அச்சாகப் பதிந்திருந்தது. அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

செடி பீங்கானை உடைக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. வளரும் வேர் நுனிகள் சதுர செ.மீ.க்கு 5 கிலோவுக்கும் மேற்பட்ட அழுத்தம் தரக்கூடியவை. கார் டயரில் அடைத்திருக்கும் காற்றழுத்தம் 2 கிலோவுக்குச் சற்று மேல்தான். சுடுமண் நசுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. இழுவையில் அதன் வலு, நசுக்கலில் உள்ள வலுவில் ஒரு சிறு பங்குதான். உள்ளிருந்து வெளியே தள்ளும்போது சுவர் முழுவதும் சுற்றுவாக்கில் இழுபடுகிறது. விரிசல் செங்குத்தாக விழுந்தது அதனால்தான்.

மூன்றாம் முறை

பழைய பசையை எடுப்பதுதான் இந்த வேலையிலேயே பெரிய வேலை. இரண்டு மாலைப் பொழுது அதற்கே போயிற்று. சிமென்ட் துணுக்குகளை உடைந்த ஹாக்ஸா பிளேடின் முனையால் சுரண்டி, மிச்சத்தில் வினிகர் தொட்டு வைத்தேன், நுரைத்து இளகியது. சூப்பர் குளூவின் மீதிக்கு அசிட்டோன் நனைத்த பஞ்சு. அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் பொருள். அடுப்பு, விளக்கு இல்லாத காற்றோட்டமான இடத்தில் செய்தேன். பிறகு பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி, பெரிய தொட்டித் தண்ணீரில் மூன்று நாள் மூழ்க வைத்து, தினமும் தண்ணீர் மாற்றினேன். உள்ளே ஊறியிருந்த உப்பு வெளியேறுவதற்காக.

சிமென்டுக்கு ஈரம் வேண்டும் என்றேன். இம்முறை நான் எடுத்த எபாக்சிக்கு, இரண்டு பகுதிகளைக் கலந்து இறுகவைக்கும் அந்தப் பசைக்கு, நேர்மாறு. அது காய்ந்த முகத்தில்தான் பிடிக்கும். சுடுமண் காய்ந்துவிட்டதா என்பதைக் கையால் தொட்டுச் சொல்ல முடியாது. மேல் தோல் காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். ஆளை நிறுக்கும் தராசை எடுத்து நிழலான காற்றோட்டத்தில் வைத்த தொட்டியைத் தினமும் நிறுத்தேன். தண்ணீரிலிருந்து எடுத்த அன்று 11.8 கிலோ. மறுநாள் 11.4, பிறகு 11.1, 10.9, 10.8, 10.7. ஏழாம் நாளும் எட்டாம் நாளும் 10.6-இல் நின்றது. எடை இறங்குவது நின்ற பிறகுதான் பசையைத் திறந்தேன். ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் அந்தச் சுவருக்குள் இருந்திருக்கிறது! முதல் முறை அதன் மேல்தான் பசை பூசினேன் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அடுத்து, விரிசல் உண்மையில் எங்கே முடிகிறது? கண்ணுக்குத் தெரிவது முடிவு அல்ல. உள்பக்கம் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சுவர் வெளிறிக் காயும்போது விரிசல் மட்டும் கருங்கோடாக நிற்கும். அது தண்ணீரைக் கடைசியில்தான் விடும். அந்தக் கருங்கோடு நான் நினைத்த இடத்தைத் தாண்டி இன்னும் இரண்டரை செ.மீ. கீழே போயிற்று. அங்கே பென்சிலால் குறியிட்டேன். இதற்காக இன்னும் ஒரு நாள் காயவைக்க வேண்டியிருந்தது.

குறியிட்ட இடத்தில் 3 மி.மீ. துளை போட்டேன். கூர்மையான முனையில்தான் இழுவிசை குவிகிறது; முனை எவ்வளவு கூர்மையோ அவ்வளவு குவியும் என்று 1913-இலேயே இங்கிலிஸ் என்ற பொறியாளர் நீள்வட்டத் துளைகளை வைத்துக் கணக்கிட்டுக் காட்டினார். கூர்முனையை உருண்டைத் துளையாக்கிவிட்டால் அந்தக் குவிப்பு குறையும். டைல்ஸ் துளைக்கும் முனையைப் போட்டு, டிரில்லின் சுத்தியல் விசையை அணைத்து, மெருகுப் பக்கத்தில் டேப் ஒட்டி, மெதுவாகத் துளைக்க வேண்டும். எபாக்சியும் கடைசியில் சுற்றிய கம்பி வளையமும் சேர்ந்தபின் இந்தத் துளை அவசியந்தானா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனாலும் மறுபடி செய்தால் போடுவேன்.

பசை தொடாமல் ஒரு வெள்ளோட்டம். சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்தில் நீளமாக வெட்டி, தொட்டியைச் சுற்றி இழுத்துக் கட்டிப் பார்த்தேன். சரிவான தொட்டியில் இறுகக் கட்டிய எதுவும் குறுகிய பக்கம் நோக்கி வழுக்கிப்போகும். விளிம்பிலிருந்து செங்குத்தாக நாலைந்து ஒட்டுப்பட்டிகளைத் தொங்கவிட்டு அவற்றோடு டியூபை ஒட்டியதும் நின்றது. விளிம்பில் இரண்டு ஓரமும் சமமாக வந்தனவா என்று பார்க்க நகம் போதும். குறுக்கே ஓட்டினால் தட்டக் கூடாது. முதலில் தட்டியது, ஒரு பக்கம் மயிரிழை உள்ளே போயிருந்தது. டியூபைச் சற்று நகர்த்திக் கட்டியதும் சரியாயிற்று. பசை போட்டபின் இந்த ஏற்றத்தாழ்வு தெரிந்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

எபாக்சியில் ஐந்து நிமிடத்தில் இறுகுவதும் உண்டு, மெதுவாக இறுகுவதும் உண்டு. அவசரக்காரர்களுக்கானது ஈரத்தை அவ்வளவாகத் தாங்குவதில்லை, பிளவுக்குள் இறங்கவும் நேரம் தராது. நான் எடுத்தது மெதுவானது. ரெசினும் ஹார்டனரும் சமபங்கு. பொட்டலத்தில் சொன்ன அளவைக் கண்ணால் மதிப்பிடாமல் சிறு கரண்டியால் அளந்தேன். ‘கொஞ்சம் ஹார்டனர் கூடப் போட்டால் சீக்கிரம் காயும்’ என்பது தவறு. கூடுதலானது வினையில் சேராமல் அப்படியே நின்று ஒட்டைப் பிசுபிசுப்பாக்கிவிடும். கையுறை கட்டாயம்: இறுகாத எபாக்சி தோலில் அடிக்கடி பட்டால் ஒவ்வாமை வரும், வந்தால் லேசில் போகாது.

தொட்டியைப் பழைய துணிக்குவியலின் மேல் விரிசல் கீழே இருக்கும்படி படுக்கவைத்தேன். வெளியே விரிசல் நெடுகிலும் மாஸ்கிங் டேப், அடைப்புபோல. உள்ளே ஹேர் டிரையரால் சுவரை இளஞ்சூடாக்கி, பற்குச்சியால் எபாக்சியைக் கோட்டின் மேல் விட்டேன். சூட்டில் அது தேனிலிருந்து எண்ணெயாக மாறியதுபோல இளகி, கண்ணெதிரே விரிசலுக்குள் உறிஞ்சப்பட்டு இறங்கியது. விடவிட இறங்கியது, டேப்பின் கீழ் பளபளவென்று ஈரக்கோடு தெரியும்வரை விட்டேன். பிறகு டியூபை இறுக்கினேன். எல்லாப் பசையும் பிதுங்கி வெளியே வரும் அளவுக்கு இறுக்கக் கூடாது. முகங்களுக்கு நடுவே பசை மிஞ்ச வேண்டும்.

மறுநாள் உள்பக்கத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கினேன். சுடுமண் தூசு நுரையீரலுக்கு ஆகாது. நனைக்கவும் முடியாத நிலை, ஆகவே முகக்கவசம் போட்டு வெளியில் செய்தேன். விரிசலுக்குக் குறுக்கே மூன்று இடத்தில், கைவிரல் நீளக் கண்ணாடி இழைத் துணித் துண்டுகளை எபாக்சியில் தோய்த்து ஒட்டினேன், கிழிந்த துணிக்குத் தையல் போடுவதுபோல. உடைந்த பீங்கானை உலோகக் கொக்கிகளால் தைப்பது பழைய முறைதான். தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் பாகோஹான் என்ற பச்சை மெருகுத் தேநீர்க் கிண்ணம் அப்படித் தைத்த கொக்கிகளோடேயே இருக்கிறது. தங்கப் பொடி போட்டு ஒட்டுவதைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அலங்காரத்துக்குச் சரி; 28 கிலோ ஈர மண்ணைச் சுமக்கும் தொட்டிக்கு அது பதில் இல்லை.

ஏழு நாள் விட்டுவிட்டு, விளிம்புத் தடிப்புக்கு நேர் கீழே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி, முறுக்கும் இடத்தில் ரப்பர் துண்டு வைத்துக் குறட்டால் முறுக்கினேன். விரலால் மீட்டினால் ஒலிக்கும் அளவு இறுக்கம் போதும். கம்பியும் சரிவில் வழுக்கும் என்பதால் நான்கு இடத்தில் சிலிகான் பொட்டு வைத்தேன். இந்த வேலை முழுவதிலும் சிலிகானுக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான். ஈரத்தை நன்றாக அடைக்கும், ஆனால் இழுவையை எதிர்த்து நிற்காது. மேலே பெயின்டும் பிடிக்காது. கம்பி வளையத்தின் வேலை வேறு. பசை விரிசலை இழுத்துப் பிடிக்கிறது. வளையம் சுவரை நசுக்கிப் பிடிக்கிறது. சுடுமண்ணுக்குப் பிடித்தது இரண்டாவது.

முடித்ததும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். விரிந்திருந்தபோது ‘டொக்’ என்றது. இப்போதும் ‘கணீர்’ என்று சொல்ல மாட்டேன். இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

அதற்குப் பிறகு

மருளை அந்தத் தொட்டியில் திரும்ப வைக்கவில்லை. இரண்டாகப் பிரித்து வேறு தொட்டிகளுக்கு மாற்றினேன். ஒட்டிய தொட்டிக்குள் இப்போது நேரடியாக மண்ணே கிடையாது. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் பெரணியை வைத்து, அதை உள்ளே இறக்கியிருக்கிறேன். சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி, அடியில் மூன்று சிறு கட்டைகள். வேரும் சுவரைத் தொடாது, ஈரமும் ஊறாது. இது ஏமாற்று வேலை என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கட்டும்.

தொட்டியின் அடியிலும் மூன்று கால்கள் வைத்தேன். சமதளத்தில் உட்கார்ந்த தொட்டியின் துளை தரையோடு ஒட்டி அடைபடும். சொல்லப்போனால், உடைந்த ஓட்டுத் துண்டுகளை அடியில் பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்பதும் பொய். மண்ணின் அடியில் தேங்கும் ஈர அடுக்கு அந்தத் துண்டுகளுக்கு மேலே ஏறி நிற்கிறது, அவ்வளவுதான். வேருக்குக் கிடைக்கும் இடம் குறைகிறது.

விரிசலின் மேல் முனை, துளை, நடுவில் ஓரிடம் என்று மூன்று இடத்தில் குறுக்கே பென்சில் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதியிருந்தேன். பதினான்கு மாதத்தில் எந்தக் கோடும் விலகவில்லை. குறை இல்லாமல் இல்லை. வெயில் படும் பக்கத்தில் எபாக்சி மஞ்சளித்து மேலே மாவு பூத்தாற்போல ஆகிவிட்டது. புற ஊதாக் கதிர் அதற்கு ஆகாது என்று தெரிந்தும் மேலே எதுவும் பூசாமல் விட்டிருந்தேன். பிறகு அக்ரிலிக் பெயின்டால் நீலம் தீட்டினேன். நிறம் பொருந்தவில்லை, கிட்டப் போனால் தெரிகிறது. விளிம்பில் மெருகு பெயர்ந்த இடத்துக்கு எபாக்சிப் பட்டி பார்த்திருந்தேன், அது ஒருமுறை முழுசாகக் கழன்று விழுந்தது. மெருகின் வழவழப்பைச் சொரசொரப்பாக்காமல் அழுத்திய என் அவசரம்.

இந்தத் தொட்டியை ஒட்டிய நாள்களில் இன்னொரு தொட்டியையும் பார்த்தேன், அதை ஒட்டவே இல்லை. அடியிலிருந்து மூன்று பக்கம் விரிசல் ஓடியது, அதுவும் கொக்கியில் தொங்குவது. ஆள் தலைக்கு மேல் தொங்கும் எதையும் பசையை நம்பி மாட்டக் கூடாது. மெருகில் மட்டும் சிலந்தி வலைபோல நுண்கீறல் விழுந்த தொட்டி ஒன்றும் இருந்தது. அதற்கு எதுவும் செய்யத் தேவையில்லை, சுவர் முழுசாகத்தான் இருக்கிறது.

பிரித்து வைத்த மருளில் ஒரு பாதி, விலை மலிவான கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் இருக்கிறது. போன வாரம் தண்ணீர் ஊற்றும்போது கவனித்தேன்: உருண்டையாக இருந்த தொட்டி ஒரு பக்கம் புடைத்து முட்டை வடிவமாகியிருந்தது. புடைப்பின் மேல் கை வைத்தால் உள்ளே விரல் பருமனில் கெட்டியாக ஒன்று தட்டுப்படுகிறது.